தயிர்மாமியின் ஏழு வெள்ளிக் காசு

எழுபத்தெட்டுக் கார்த்திகையில் சூறாவளி அடித்தபோது நீங்கள் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ இருந்திருந்தால் உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. கூரையில்லாத பள்ளிக்கூடத்தில், விழுந்து கிடந்த தென்னங்குற்றிகளில் வரிசையாக உட்கார்ந்து கணக்குப் படித்தவர்கள் நாங்கள். நிவாரண மாவில் சுட்ட ரொட்டியின் வண்டு மணம் இன்னும் உங்கள் மூக்கில் இருக்கும். அந்த இரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று நான்கு மாதங்களைப் பற்றியும், எங்கள் வீட்டில் இருந்த வெள்ளிக் காசுகளைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

அப்பா வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு சின்னத் தபால் கந்தோருக்கு அதிபராக இருந்தார். கந்தோரும் வீடும் ஒரே கட்டடம். முன்பக்கம் கந்தோர், பின்பக்கம் நாங்கள். நடுவில் ஒரு மரக்கதவு. காலையில் அந்தக் கதவைத் திறந்தால் அரக்கு உருகுகிற மணமும் பசையின் புளிப்பும் சேர்ந்து குசினி வரைக்கும் வரும். முத்திரை குத்துகிற சத்தத்தை வைத்து இன்றைக்குக் கடிதம் அதிகமா குறைவா என்று அம்மா சொல்லிவிடுவார்.

அப்பாவுக்குக் காசு சேர்க்கிற பழக்கம் இருந்தது. சேமிப்பு அல்ல, காசு. ராசா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய்கள் கொஞ்சம் வைத்திருந்தார். ஆனால் அவருடைய ஆசையெல்லாம் புத்த ஜயந்திக்கு அரசாங்கம் வெளியிட்ட ஐந்து ரூபாக் குத்தியில்தான் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த காசு அது. உள்ளங்கை நிறைய இருக்கும். விகாரை வாசல் சந்திரவட்டக்கல்லில் இருப்பதுபோல மிருகங்கள் வட்டமாக நடந்துபோகும். அப்பா அதன் சரித்திரத்தையெல்லாம் எங்களுக்குச் சொன்னதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை பின்னேரங்களில் கந்தோரைப் பூட்டிவிட்டு, கடிதம் நிறுக்கிற பித்தளைத் தராசைப் பின்பக்கம் கொண்டுவந்து, ஒவ்வொரு குத்தியையும் நிறுப்பார். எல்லாம் ஒரே நிறைதான் இருக்கும். அது அவருக்கு ஒவ்வொரு முறையும் சந்தோசமாக இருந்தது.

எனக்கு உள்ளங்கை வேர்க்காது. அண்ணனுக்கு வேர்க்கும். அதனால் காசைத் தொட எனக்கு மட்டும் அனுமதி.

"விளிம்பில புடி. வெள்ளிக்கு வேர்வை கூடாது" என்பார்.

விளிம்பில் பிடித்துப் பிடித்து எனக்கு அந்தக் காசின் ஓரத்துக் கீறல்கள் விரலுக்குத் தெரிந்தன. வீட்டில் வேறு எதற்கும் அப்பா என்னைத் தேர்ந்தெடுத்ததில்லை. அண்ணன்தான் படிப்பில் கெட்டி. ஆகவே அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பெரிய விசயம். அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் குத்திக்கு ஒரு பையாகத் தைத்துக் கொடுப்பார். சின்னச் சின்ன வெள்ளைப் பைகள். ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் அடுக்கி வைத்தால் முட்டை போலிருக்கும்.

கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் அப்பாவுக்குக் கடிதம் எழுதுவார். அவரும் காசு சேர்க்கிறவர். எந்தக் குத்தி இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று எழுதியிருப்பார். அப்பா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பார். ஐந்து ரூபாக் குத்தி ஒன்றின் வெள்ளி எடைக்கே அதைப்போலப் பல மடங்கு கிடைக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அப்பாவுக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

சூறாவளிக்கு அடுத்த நாள் காலையில் வெளியே வந்தபோது தென்னைகளெல்லாம் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தன. வாவியின் உப்புத்தண்ணீர் வாசலில் நின்றது. கூரை இல்லை. அப்பா முதலில் எடுத்தது எண்ணெய்ச்சீலையில் சுற்றிய ஒரு பொதி. அதற்குள் முத்திரைகளும் காசுக்கட்டளைப் புத்தகங்களும் இருந்தன. சவர்க்காரப் பெட்டியும் இருந்தது. அம்மாவின் தையல் மெசின் சுவர் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. சில்லு மட்டும் வெளியே தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தார், அப்பாவின் கையில் இருந்ததைப் பார்த்தார், பிறகு அடுப்புக்கல் தேடப் போனார். பித்தளைத் தராசு காற்றோடு போய்விட்டது. அதன் ஒரு தட்டை மட்டும் மாதக் கடைசியில் வேலியோரத்தில் எடுத்தோம். அம்மா அதில் சாம்பிராணி போட்டார்.

நான்கைந்து நாளில் இரண்டு மேசைக்கு மேலே படங்குத் துணியைக் கட்டிக் கந்தோர் திறந்துவிட்டது. அந்த நாட்களில் அப்பா நன்றாக வேலை செய்தார். அதையும் சொல்லவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நிவாரண மனு எழுதிக் கொடுத்தார். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. டவுனில் உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு எழுதினார். தபால்காரர் காய்ச்சலில் விழுந்தபோது தானே தோணியில் போய்க் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்போதுதான் வெள்ளிக் காசுகள் வெளியே வரத் தொடங்கின. மண்முட்டிக்குள்ளும் தலையணைக்குள்ளும் சுவர் மாடத்திலும் ஆட்கள் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் சுவர் விழுந்ததும் கைக்கு வந்தன. அரிசி வாங்கப் போனால் சங்கக்கடைக்காரர் குத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழசு, எனக்கு வேணாம், நோட்டாக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் தபால் கந்தோருக்கு வந்தார்கள். அப்பா தன்னுடைய சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபா நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குத்தியை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

"சேர் இல்லாட்டி எங்கட கதி என்ன" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அப்பா தலையைக் குனிந்து சிரிப்பார்.

தயிர்மாமி வந்தது மார்கழி நடுப்பகுதியில். அவர் எங்களுக்கு உறவில்லை. எருமைத் தயிர் கொண்டுவந்து விற்பார், அதனால் அந்தப் பெயர். சட்டியின் வாயை வாழையிலையால் கட்டி, கடகத்தில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் வருவார். தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இருக்கும். புருசன் செத்துப்போய் இரண்டு வருடம். பதினொரு எருமைகள் இருந்தன. சூறாவளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவை ஊதிக் கிடந்த வயல் வட்டைப் பக்கம் ஒரு மாதம் யாரும் போகவில்லை. அவருடைய ஒரே மகள் என் வகுப்பில் படித்தாள். ஒரே வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள். எழுத்து மிகச் சின்னதாக, நேராக இருக்கும்.

தயிர்மாமி சீலைத் தலைப்பை அவிழ்த்து மேசையில் வைத்தார். ஏழு குத்திகள். ஒரு பக்கம் புகை ஏறிக் கறுத்திருந்தன.

"எங்க வச்சிருந்தீங்க அக்கா?" என்று அப்பா கேட்டார்.

"அடுப்படிப் பரண்ல, முட்டிக்குள்ள. வீடு விழுந்தும் முட்டி உடையல்ல சேர். அவர் உசிரோட இரிக்கக்க பட்டி முதலாளி வருசத்துக்கு வருசம் குடுத்த கைவிசேடம். ஏழு வருசத்துக்கு ஏழு."

"கைவிசேடத்தையோ மாத்தப்போறீங்க?"

"வேற என்ன செய்ய சேர். அரிசி வேணும்."

வருடப் பிறப்பன்று கையில் வாங்குகிற அந்தக் காசைச் செலவழிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அப்பா ஒரு குத்தியை விளிம்பில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காத்தான்குடிக்குக் கொண்டுபோங்க, நகைக்கடையில் காட்டுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வார் என்று நான் நினைத்தேனா என்பதும் இப்போது நினைவில்லை. அவர் ஏழு நோட்டை எண்ணிக் கொடுத்தார். பிறகு அவருக்கு ஒரு மனுவும் எழுதினார், எருமை செத்ததற்கு நட்டஈடு கேட்டு. அழகான கையெழுத்து அப்பாவுக்கு.

அந்த மாதம் எங்கள் வீட்டில் பால்மா வாங்கவில்லை. சம்பளம் குத்தியாகப் போய்விட்டது. அம்மா வெறும் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடியும் பை தைக்க உட்கார்ந்தார். இப்போது மெசின் இல்லை, கையால்தான்.

பொங்கலுக்குப் பிந்திய ஒரு சனிக்கிழமை அப்பாவும் நானும் பின்பக்கம் பாயில் இருந்தோம். கூரைக்குத் தகரம் போட்டிருந்தது. வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது. அப்பா தயிர்மாமியின் காசுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்பைத் துடைக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னார். அது காசின் வயது, துடைத்தால் மதிப்புப் போய்விடும் என்றார். ஒன்றை என் கையில் வைத்திருந்தேன். அப்போது முன்பக்கம் "சேர்" என்று குரல் கேட்டது.

அப்பா எழுந்து கந்தோருக்குப் போனார். நானும் காசோடு பின்னாலேயே போய்விட்டேன். தயிர்மாமி நின்றிருந்தார். நடந்து வந்த களைப்பில் மூச்சு வாங்கினார். நான் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டேன்.

"சேர், என்ட அந்த ஏழு காசும் இரிக்கா?"

"ஏன் அக்கா?"

"காத்தான்குடியில ஒரு நகைக்கடை முதலாளிய கண்டன். அவர் சொல்லுறார், அந்தக் குத்தி ஏழும் இரிந்தா ஒரு எருமைக் கண்டுக்குச் சல்லி தருவாராம். ஒரு கண்டு இரிந்தா நான் எழும்பிடுவன் சேர். நீங்க தந்த முப்பத்தஞ்சு ரூபாயும் கொண்டந்திரிக்கன். கைமாத்து வாங்கினது. இந்தாங்க."

நோட்டுகளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். அப்பா மேசையில் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினார்.

"அது அப்பவே கந்தோர்க் காசோட டவுனுக்குப் போயிட்டு அக்கா. அங்க இருந்து கொழும்புக்குப் போயிருக்கும்."

"ஒண்டாவது..."

"எழுதிக் கேட்டுப் பாக்கிறன்."

தயிர்மாமி என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. துக்கம் சொல்ல ஒரு ஆள் தேடுகிற மாதிரித்தான் பார்த்தார்.

"அப்படியா மகள்? போயிட்டா?"

"ஓம் மாமி. போயிட்டு."

"என்ட புத்திதான்" என்றார். நோட்டுகளைத் தலைப்பில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார்.

அப்பா என்னிடம் கையை நீட்டினார். காசைக் கொடுத்தேன். அது நனைந்திருந்தது. எனக்கு முதல்முறையாக உள்ளங்கை வேர்த்திருந்தது. அவர் அதை வேட்டியில் ஒற்றி எடுத்துப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தொடவிடவில்லை. நானும் கேட்கவில்லை.

நடுக்கதவில் அம்மா நின்றிருந்தார்.

"வித்துத் துலைங்க அதுகள" என்றார். "வித்துப்போட்டு அந்த மனிசிக்கு ஒரு கண்டு வாங்கிக் குடுங்க."

"விக்கிறதோ? நான் வியாபாரியோ?" அப்பா சத்தம் போடவில்லை. உண்மையிலேயே அவருக்கு வியப்பாக இருந்தது. "ஒரு சதம் லாபம் எடுத்தனா நான்? அரசாங்கம் ஐஞ்சு ரூபா எண்டு அடிச்சிரிக்கு. நான் ஐஞ்சு ரூபா குடுத்தன். வித்தாத்தான் அது களவு."

அம்மா அதற்குப் பிறகு பை தைக்கவில்லை. மிச்சக் காசுகளை அப்பா கடதாசியில் சுற்றி வைத்தார்.

மாசி மாதத்தில் என் வாங்குக்காரி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தயிர்மாமி நெல்லு அவிக்கிற ஆலைக்கு வேலைக்குப் போவதாகவும், மகள் வட்டையில் புல்லுப் பிடுங்கப் போவதாகவும் தபால்காரர் சொன்னார். வீட்டுக் கஷ்டம் என்று டீச்சர் சொன்னார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அவள் இருந்த இடத்தில் நான் என் பையை வைத்துக்கொண்டேன். அந்த வருடம் முழுவதும் அது அங்கேயே இருந்தது. இரண்டு மூன்று வருடத்தில் தயிர்மாமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அப்பாவுக்கு அதற்குள் வேறு ஊருக்கு மாற்றம் வந்துவிட்டது.

அப்பா கடைசிவரைக்கும் ஒரு குத்தியும் விற்கவில்லை. அண்ணன் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டவேண்டி வந்தபோது அம்மாவின் தாலிக்கொடி போனது. அம்மாவின் வயிற்று ஒப்பரேசனுக்கு வீட்டு வளவில் பாதி போனது. சண்டையில் இடம்பெயர்ந்து ஓடிய இரண்டு தடவையும் அப்பா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினார். ஆட்கள் அதை அவருடைய பெருமையாகச் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார். வாங்கிய விதத்தைப் பற்றி அவருக்கு ஒருநாளும் கவலை வரவில்லை. விற்காமல் இருப்பதே நேர்மை என்று வைத்திருந்தார். அவர் காலமாகிப் பதினாறு வருடம் ஆகிறது. அவரோடு நான் இதைப் பேசவில்லை. பேசியிருக்கலாம். எத்தனையோ பின்னேரங்கள் இருந்தன.

அம்மா போன ஆவணியில் காலமானார். வீட்டை ஒதுக்கும்போது பெட்டி அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. அண்ணன் தொலைபேசியில் சொன்னார்.

"வித்துப்போட்டு நீயே வச்சுக்கொள். எனக்கு ஒண்டும் வேணாம். இப்ப நல்ல விலையாம்."

நான் மூன்று குத்திகளை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். நகைக்கடையில் இருந்த தம்பி என்னிடம் படித்தவர்களில் யாரோ ஒருவருடைய மகன். கதிரை போட்டு உட்கார வைத்தார். குத்தியை விளிம்பில்தான் பிடித்தார்.

"நல்ல சாமான் டீச்சர். தேய்க்காம வச்சிருக்கீங்க. காசு சேர்க்கிற ஆக்கள் இதுக்கு நல்ல விலை தருவாங்க. எத்தின இரிக்கி?"

"கொஞ்சம் இருக்கு."

"ஆர்ட காசு டீச்சர்? கோவிக்காதீங்க, எல்லார்ட்டயும் கேக்கிறதுதான். வாப்பா பழக்கிவிட்ட பழக்கம். எடுக்க முந்தி ஆர்ட எண்டு கேட்டுத்தான் எடுப்பம்."

என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது மூன்றுமே ஒரு பக்கம் கறுத்த குத்திகள். பெட்டியில் மேலே இருந்ததை நான் பார்க்காமல் எடுத்து வந்திருக்கிறேன். நாளைக்கு வாறன் தம்பி என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

என் வாங்குக்காரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முந்தி பாதை என்று சொல்லுகிற மிதவையில் மாட்டுவண்டியோடு சேர்ந்து நின்று வாவியைக் கடப்போம். இப்போது பாலம். ஆட்டோவில் பத்து நிமிடம். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால, கல்லுக் கட்டிய சின்ன வீடு. முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்கும்தான்.

"போஸ்ட் மாஸ்டர்ட மகளா?" என்றாள். "முகம் அப்படியே இரிக்கி. வா, உள்ளுக்கு வா."

தேத்தண்ணீர் போட்டாள். கணவர் இல்லை. மகன் கட்டாரில் இருக்கிறான், காசு ஒழுங்காக வருவதில்லை. தயிர்மாமி குவைத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்து ஆறு மாதத்தில் செத்துப்போனார்.

"உங்கட அப்பாவ அம்மா எந்த நாளும் நல்லாத்தான் சொல்லும்" என்றாள். "அந்த ஏழு காசுக்காகக் கொழும்புக்கெல்லாம் எழுதிக் கேட்டவராம், கிடைக்கல்லையாம் எண்டு சொல்லும். அம்மா குவைத்துக்குப் போன புதுசில காயிதத்துக்கு இங்கிலீசில விலாசம் எழுதித் தந்தவரும் அவர்தான். நீங்க அப்ப மாறிப் போயிட்டீங்க. அவர் டவுனுக்கு வந்தா எங்கட வீட்டுக்கும் வந்து இரிந்து எழுதித் தருவார்."

அது எனக்குத் தெரியாது. அப்பா அதை எங்களுக்குச் சொல்லவில்லை. நான் கைப்பையிலிருந்து துணிப் பைகளை எடுத்து வாங்கில் வைத்தேன். ஏழையும் வெளியே எடுத்தேன்.

"இது போகல்ல. எங்கட வீட்டிலதான் இருந்தது. அண்டைக்கு நான் உன்ட அம்மாவுக்குப் பொய் சொன்னன்."

அவள் குத்திகளைத் தொடவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நானும் அம்மாவோட வந்தனான். காலில முள்ளுக் குத்தி வெளிய ஜன்னலடியில நிண்டன். நீ கையப் பின்னுக்கு வச்சிரிந்தாய். கைக்குள்ள காசு இரிந்தது. எங்கட அடுப்புக் கறுப்பு எனக்குத் தெரியாதா?"

"அம்மாவுக்குச் சொல்லல்லையா?"

"சொன்னா அம்மா அந்தக் கந்தோர்ப் பக்கம் போகாது. பிறகு ஆர் எங்களுக்கு மனு எழுதித் தாற? எனக்குப் பத்து வயசு. அவ்வளவுதான் யோசிச்சன்." நெல்லைக் கொத்த வந்த கோழியைச் சூ என்று விரட்டினாள். "பள்ளிக்கு வரத்தான் ஏலாமப் போச்சு. உனக்குப் பக்கத்தில இரிக்க ஏலல்ல. அம்மா போ போ எண்டு ஈர்க்கால அடிச்சா. நான்தான் போகல்ல. அம்மாக்கு ஏனெண்டு தெரியாது. படிப்பு ஏறல்ல எண்டு நினைச்சிட்டா."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அந்த வார்த்தை எனக்கு அப்போது வரவில்லை, அழுகையும் வரவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். சீனி கூடுதலாகப் போட்டிருந்தாள்.

"இது இப்ப என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டாள்.

தெரிந்ததைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு வா. எனக்குக் காத்தான்குடிக் கடையெல்லாம் தெரியாது."

"ஒண்டையாவது வச்சுக்கொள்ளன். அம்மாட நினைவுக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மாவ நினைக்க எனக்கு இது வேணுமா?"

அடுத்த நாள் இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி குத்திகளைக் கறுப்புத் துணியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னிடம் கேட்ட கேள்வியை அன்றைக்கும் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

"என்ட அம்மாட" என்றாள் அவள். "கைவிசேடக் காசு."

அவர் ஒரு நியாயமான விலை சொன்னார். அவள் பேரம் பேசி அதைக் கொஞ்சம் கூட்டினாள். நான் ஏதோ கோவில் சாமியை விற்கிற இடத்தில் நிற்கிற மாதிரி நின்றேன். எனக்கு நோவாக இருந்தது. அவள் ஒரு குத்தியையாவது கடைசியாகக் கையில் எடுத்துப் பார்ப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. என்னளவுக்கு அவளுக்கு அதன் அருமை தெரியவில்லை என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்தது. வந்தபிறகுதான் அது யாருடைய நினைப்பு என்று எனக்கு விளங்கியது. அப்பாவும் அந்த மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு இதைத்தான் நினைத்திருப்பார்.

அதே தெருவில் அவள் ஒரு தண்ணீர் மோட்டர் வாங்கினாள். கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி முழங்கால் போய்விட்டதாம். மோட்டரை ஆட்டோவில் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஏறப்போனபோது இடமில்லை என்றாள். இடம் இருந்தது. சரி என்று நான் பஸ்ஸில் வந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

பெட்டியில் இன்னும் முப்பத்துச் சொச்சம் குத்திகள் இருக்கின்றன. அப்பா முந்தி வெளியில் விலைக்கு வாங்கியது எது, படங்குக்குக் கீழே அந்த மேசையில் வாங்கியது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. கொண்டுவந்த கைகள் கொஞ்சம் நினைவிருக்கின்றன. விரலில் மோதிரத் தழும்பு இருந்த ஒரு கிழவர். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி. பிள்ளையின் அரைநாணில் இருந்து ஒரு ராசா தலைக் காசை அங்கேயே நின்று அவிழ்த்தாள். இரண்டு குத்தியைப் பனையோலைக் குட்டானுக்குள் வைத்துக் கொண்டுவந்த ஒருவர், குட்டானைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பெயர் ஒன்றும் தெரியாது. அண்ணன் மறுபடியும் கேட்டார், வித்தாச்சா என்று. இல்லை என்றேன். விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்க வேண்டியவர் நானல்ல.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். சூறாவளிக்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து யாராவது படுவான்கரைத் தபால் கந்தோருக்கு வெள்ளிக் காசு கொண்டுபோனார்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்க ஆளில்லை என்றால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அப்போது நீங்கள் பக்கத்தில் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். உங்களுடையதுதான் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வந்து பாருங்கள், எது என்று சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு போங்கள். பிறகு விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம், அதை நான் கேட்கமாட்டேன்.

காலையில் பத்து மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.